ஒரு மணி நேர ரயிலில் அடுத்த நாடு

வியன்னாவின் பெரிய ரயில் நிலையத்தில் வண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, குழந்தைக்குப் பால் புகட்டி, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைத்துக் கண்ணயரச் செய்வதற்குள் அடுத்த நாட்டின் தலைநகரமே வந்துவிடுகிறது! ஆஸ்திரியாவின் தலைநகரம் வியன்னா. ஸ்லோவாகியாவின் தலைநகரம் பிராட்டிஸ்லாவா. இரண்டுக்கும் இடையே சுமார் 60 கிலோ மீட்டர்தான். ரயிலில் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

மகனோ மகளோ வேலை பார்க்கும் ஊருக்கு மூன்று மாத விசாவில் போய் வரும் அம்மாக்களும், அங்கேயே கைக்குழந்தையோடு குடித்தனம் நடத்தும் இளம் தாய்மார்களும் இன்று நம்மில் எத்தனையோ பேர். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இரண்டு ஊரைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது?" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். உடனே பாரிஸ், ரோம் என்று பெரிய பெயர்களாகப் பேச்சு கிளம்பும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கிற காலத்தில் நான்கு பேர் போய்வரும் செலவு என்றால் சும்மாவா? கடைசியில், "குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும், பார்த்துக்கலாம்" என்று பேச்சு முடிந்துவிடும். அந்தப் பெண் சமையலறை ஜன்னல் வழியாக ஐரோப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்!

அப்படி இருக்க வேண்டியதில்லை. ரயில் டிக்கெட்டில் உள்ள ஒரு சூட்சுமம் தெரிந்தால் போதும்.

ஐரோப்பிய ரயில்களில் டிக்கெட் விலை பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கிறது. நீண்ட தூரம் ஓடும் வேக வண்டிகளில், முன்கூட்டியே வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆஸ்திரிய ரயில்வே இந்த மலிவு டிக்கெட்டுக்கு 'ஸ்பார்ஷீனே' என்று பெயர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் இத்தனை டிக்கெட்தான் என்று கணக்கு உண்டு. மாதக்கணக்கில் முன்னதாகவே விற்பனை ஆரம்பித்துவிடும். ஆனால் நீங்கள் வாங்கிய அந்த நாள், அந்த வண்டியில் மட்டும்தான் அது செல்லும். போகாவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பி வராது.

இரண்டாவது வகை, ஊருக்கு ஊர் நின்று போகும் பிராந்திய ரயில். நம் பாசஞ்சர் வண்டி மாதிரி. இதற்கு விலை பெரும்பாலும் ஒன்றே. இரண்டு மாதம் முன்னால் வாங்கினாலும் சரி, அன்று காலை கவுண்டரில் நின்று வாங்கினாலும் சரி. இந்த வண்டி போய்விட்டதா, அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஓர் இளம் தாய், "அக்கா, அடிமாட்டு விலைக்கு டிக்கெட் கிடைச்சிருக்கு" என்று குதித்தபடி எட்டு வாரம் முன்னாலேயே வாங்கி வைத்தாள். கிளம்ப வேண்டிய நாள் விடியற்காலை குழந்தைக்கு 102 டிகிரி ஜுரம். டிக்கெட்டும் போயிற்று, ஓட்டலுக்குக் கட்டிய பணமும் போயிற்று. அதைவிட, "இவ்வளவு பணம் போட்டாச்சே, மருந்து கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா?" என்று அரை மணி நேரம் வீட்டில் நடந்த வாக்குவாதம்தான் அவளுக்கு ஆறவில்லை. நல்ல வேளை, போகவில்லை. இப்போது கேட்டால், போகாமல் இருந்தாலும் நஷ்டமில்லாத டிக்கெட்தான் மலிவு டிக்கெட் என்கிறாள். எனக்கும் அதே அபிப்பிராயம்.

ஆகவே நான் சொல்லும் யோசனை இதுதான். ஒரே ஊரில் தங்குங்கள். சொந்தக்காரர் வீடாக இருந்தால் இன்னும் உத்தமம். அங்கிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி தூரத்தில் என்ன ஊர் இருக்கிறதென்று படத்தை விரித்துப் பாருங்கள். காலையில் எழுந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வானத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் டிக்கெட் வாங்குங்கள்.

இதற்கு வியன்னாவைப் போல வசதியான ஊர் குறைவு. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு நாள் முழுதும் பிராந்திய ரயில் ஓடுகிறது. போகவரச் சேர்த்து, அந்த ஊருக்குள் டிராம், பஸ்ஸில் போவதையும் சேர்த்து ஒரு சலுகை டிக்கெட் தருகிறார்கள். ஆளுக்குச் சுமார் 20 யூரோ. எத்தனை நாள் செல்லும், எந்த நாளில் டிராமுக்குச் செல்லும் என்பதைக் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய ரயிலில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. 6 முதல் 14 வரை அரை டிக்கெட். பிராட்டிஸ்லாவாவுக்கு இரண்டு ரயில் பாதைகள் உண்டு. ஒன்று நகரத்தின் பிரதான நிலையத்துக்குப் போகிறது. இன்னொன்று டான்யூப் நதிக்குத் தென்கரையில் பெட்ர்ஷால்கா என்ற நிலையத்தோடு நின்றுவிடுகிறது. பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் முதல் முறை போகிறவர்களுக்குப் பிரதான நிலையமே சௌகரியம்.

ரயில் எல்லையைத் தாண்டும்போது ஒன்றுமே தெரியாது. வயல், காற்றாலை, மறுபடி வயல். ஸ்டேஷன் பலகையில் மொழி மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு மணி நேரப் பயணம் நாற்பது வருஷம் பெரும்பாலானோருக்கு நடக்காத காரியமாக இருந்தது. 1914-ல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே மின்சார ரயில் விட்டார்கள். இரு நகரங்களுக்குள்ளும் டிராம் மாதிரியே தெருவில் ஓடி வரும். மாலையில் வியன்னாவுக்குப் போய் நாடகம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்ப முடிந்த காலம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லையில் முள்வேலி எழுந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் டான்யூப் கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கலாம், போக முடியாது. 1989-ல் வேலி விழுந்தது. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையையும் எடுத்தார்கள். 2009-ல் ஸ்லோவாகியா யூரோ நாணயத்துக்கு மாறியது. ஆகவே நமக்குப் பணம் மாற்றும் தொல்லைகூட இல்லை.

நம் பாஸ்போர்ட்டில் உள்ள ஷெங்கன் விசா இந்த இரண்டு நாட்டுக்கும் பொது. ஒரே ஒரு முறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தாலும், ஷெங்கன் நாடுகளுக்குள்ளேயே போய் வருவது வெளியேறியதாகக் கணக்கில்லை. ஆனால் பாஸ்போர்ட் கைப்பையில் கண்டிப்பாக இருக்கட்டும். சில சமயம் வண்டியிலேயே போலீஸார் வந்து கேட்கிறார்கள். விசாவுக்காக எடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸ் காகிதமும் கூடவே இருக்கட்டும். அவசரத்துக்கு 112 என்ற நம்பர் ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும்.

இனி ஊருக்குள் வருவோம். பிராட்டிஸ்லாவா சின்ன ஊர்தான். பழைய நகரத்தைக் குழந்தையோடு மெதுவாக நடந்தே அரை நாளில் சுற்றிவிடலாம். குன்றின்மேல் வெள்ளைக் கோட்டை. நான்கு மூலையிலும் நான்கு கோபுரம் வைத்து, மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். 1811-ல் தீப்பிடித்துப் பாழடைந்து, நூறு வருஷத்துக்குமேல் இடிபாடாகக் கிடந்து, பிறகு திரும்பக் கட்டியது. ஏற்றம் செங்குத்து, மூட்டு வலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்துவிடலாம்.

கீழேயே பார்க்க வேண்டியது இருக்கிறது: புனித மார்ட்டின் தேவாலயம். அதன் கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதில் தங்க முலாம் பூசிய கிரீடம் வைத்திருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். துருக்கியர் 1541-ல் புடா நகரைப் பிடித்துக்கொண்டதால் ஹங்கேரி ராஜாக்களுக்கு இந்த ஊரில்தான் பட்டம் சூட்டினார்கள். 1563-லிருந்து 1830 வரை இந்தத் தேவாலயத்தில்தான் அது நடந்தது. அப்படி நாட்டை ஆளும் உரிமையோடு முடிசூடிய ஒரே அரசி மரியா தெரேசா. 1741 ஜூன் 25-ம் தேதி அவளுக்கு இங்கே முடிசூட்டு விழா. அப்போது அவளுக்கு வயது 24. அந்த மார்ச் மாதம்தான் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவமாகி மூன்றரை மாதம்கூட முழுசாக ஆகவில்லை! தகப்பனார் இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. 'பெண்தானே' என்று நினைத்து பிரஷ்ய ராஜா அவளுடைய நாட்டின் ஒரு பகுதிக்குள் படையோடு புகுந்துவிட்டான். முடிசூடும் ராஜா குதிரை ஏறி ஒரு மண்மேட்டின் உச்சிக்குப் போய், வாளை உருவி நான்கு திசையிலும் வீச வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். அதற்காகவே குதிரையேற்றம் பழகி, அதையும் செய்து முடித்தாள். மொத்தம் பதினாறு குழந்தைகள் பெற்றவள். கைக்குழந்தையை ஏந்தியபடி அவள் சபையில் உதவி கேட்டதாகப் படங்கள் வரைந்திருக்கிறார்கள். உண்மையில் குழந்தையைச் சில நாள் கழித்துத்தான் அழைத்து வந்தார்கள். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக நானும் அதை நம்பத் தயார்தான்!

குழந்தைகளுக்கு இதைவிடப் பிடிப்பது 'சூமில்'. தெருவில் சாக்கடை மூடியைத் தள்ளிவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டிப் போவோர் வருவோரைப் பார்த்துச் சிரிக்கும் தொழிலாளியின் வெண்கலச் சிலை. 1997-ல் வைத்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் நீலத் தேவாலயம். சுவரும் கூரையும் எல்லாம் ஆகாய நீலத்தில் பொம்மை வீடு போல இருக்கும். 1913-ல் கட்டி முடித்தது.

தள்ளுவண்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய நகரத் தெருக்கள் எல்லாம் கருங்கல் பாவியவை. சின்னச் சக்கரம் வைத்த மடக்கு வண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளினால் அதற்குக் குடல் குலுங்கும். மார்போடு கட்டிக்கொள்ளும் தூளிப்பை இருந்தால் அதையே எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஸ்லோவாக் நாட்டுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு மாவைக் கொழுக்கட்டை மாதிரி கிள்ளிப் போட்டு வேக வைத்து, ஆட்டுப்பால் சீஸ் கலந்து தருவது ஒன்று உண்டு, 'ஹலுஷ்கி' என்பார்கள். மேலே பன்றிக் கொழுப்பு வறுத்துத் தூவுவது வழக்கம். சைவக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கசகசா அல்லது வால்நட் பூரணம் வைத்துப் பிறை மாதிரி வளைத்த ரொட்டி இந்த ஊருக்கே உரியது. ரயிலில் சாப்பிட நாலு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி என் சிபாரிசு, வீட்டிலிருந்தே தயிர் சாதம். நல்ல கெட்டித் தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ரயிலில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர்களும் ரொட்டியும் ஆப்பிளும் கொண்டு வந்து அதைத்தான் செய்கிறார்கள். தண்ணீரை விலை கொடுத்து வாங்காதீர்கள். வியன்னாவின் குழாய்த் தண்ணீர் 1873-லிருந்து மலை ஊற்றுகளிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. குழந்தைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். பால் மாவு கரைக்க மட்டும் வழக்கம்போல் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

சமையலறை வைத்த வாடகை அறையை எடுத்தால் செலவு மிச்சம் என்று வீட்டுக்கு வீடு ஒருவர் யோசனை சொல்வார். மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடுப்படியில் யார் நிற்பது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டு நாள் ஓய்வுக்கு என்று போய், அங்கேயும் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு சங்கதி. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடுவார்கள். மருந்துக்கடையும் முறை வைத்துத்தான் திறந்திருக்கும். ஜுர மருந்து, பால் மாவு, டயபர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மறந்துபோனால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் கைகொடுக்கும். ஸ்டேஷன் கழிப்பறைக்குப் பல இடங்களில் சில்லறை போட வேண்டும். வண்டிக்குள் இருப்பது இலவசம். இறங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுங்கள்.

வியன்னாவிலேயே இரண்டு நாள் இருப்பதானாலும் கைப்பணம் கரைய வேண்டியதில்லை. ஷேன்புரூன் அரண்மனைக்குள் போகத்தான் டிக்கெட். அதன் பரந்த தோட்டம் இலவசம். டான்யூபின் நடுவே 21 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு தீவு இருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாட அதைவிட இடம் வேண்டுமா? அரசின் பெரிய மியூசியங்களில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது.

துணிச்சல் வந்த பிறகு புடாபெஸ்ட் போகலாம். வேக வண்டியில் இரண்டே முக்கால் மணி நேரம். இங்கேதான் முன்கூட்டி வாங்கும் டிக்கெட்டுக்கு வேலை. குழந்தை கொஞ்சம் வளர்ந்து, அடிக்கடி சளி பிடிக்கும் பருவம் தாண்டியவர்களுக்கு அது கட்டுப்படியாகும். இந்த வண்டிகள் பலவற்றில் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கி, சின்னத் திரையில் படம்கூடக் காட்டுகிறார்கள். புடாபெஸ்டில் 1896-ல் ஓட ஆரம்பித்த பாதாள ரயிலில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். லண்டனுக்கு அடுத்தபடி அந்தக் கண்டத்திலேயே முதலாவது அதுதான். 'லாங்கோஷ்' என்று நம் பட்டூரா மாதிரி எண்ணெயில் பொரித்து, பூண்டு தடவித் தருவார்கள். பெரியவர்களுக்கு மூட்டு வலிக்கு இதமாக வெந்நீர் ஊற்றுக் குளங்கள் உண்டு. அந்தச் சூடு சிறு குழந்தைகளுக்கு ஆகாது, யாராவது ஒருவர் வெளியே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே நாணயம் ஃபோரிண்ட். கார்டு போடும்போது, "யூரோவிலா, ஃபோரிண்டிலா?" என்று மிஷின் கேட்கும். ஃபோரிண்ட் என்றே அழுத்துங்கள். யூரோ என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை!

உங்கள் பிள்ளைகள் இருப்பது வேறு ஊராக இருந்தாலும் கணக்கு இதேதான். மியூனிக் என்றால் 'பவேரியா டிக்கெட்' கேளுங்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து, ஒரு நாள் முழுக்க பிராந்திய ரயில்களில் போகலாம். ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை குறையும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் ஏற முடியும் என்பது நமக்கு நல்லதாயிற்று. அதற்கு முன் எந்த வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக் கிளப்ப முடிகிறது? ஜெர்மனி முழுவதற்கும் மாதச் சீட்டு ஒன்று 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ ஆகிவிட்டது. அதுவும் பிராந்திய வண்டிக்கு மட்டும். ஒவ்வொரு மாதமும் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுத்துக்கொள்ளும் என்பதால், வேண்டாமென்றால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். லக்ஸம்பர்க்கிலோ 2020-லிருந்து நாடு முழுக்க ரயில், பஸ், டிராம் எல்லாம் இரண்டாம் வகுப்பில் இலவசம்! சின்ன நாடு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பல நாடுகளுக்கும் பொதுவான ரயில் பாஸ் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அது 'யூரெயில்'. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு 'இன்டர்ரெயில்'. ஒரு பெரியவரோடு 11 வயது வரை இரண்டு குழந்தைகள் இலவசம் என்பது நல்ல வசதிதான். ஆனால் தினம் தினம் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பணம் வசூலாகும். ஒரு மணி நேரம் போய்த் திரும்பும் நமக்கு அது வேண்டாம்.

வியன்னாவிலிருந்து இன்னொரு நாள் எங்கே போகலாம் என்றால், நான் சொல்வது செக் நாட்டின் ப்ர்னோ. ஒன்றரை மணி நேரம். பட்டாணிச் செடிகளை வளர்த்து வளர்த்துப் பரம்பரைக் குணங்கள் எப்படி இறங்குகின்றன என்று கண்டுபிடித்த மெண்டல் பாதிரியார் இருந்த மடம் இங்கேதான். தாத்தா மூக்கும் பாட்டி கோபமும் பேரனுக்கு வந்தது ஏன் என்று தினமும் சர்ச்சை செய்யும் நமக்கு அது புண்ணிய க்ஷேத்திரம் அல்லவா! அந்த ஊரில் ஒரு விசித்திரம். 1645-ல் ஸ்வீடன் படை ஊரை முற்றுகையிட்டபோது, மத்தியானத்துக்குள் பிடிக்க முடியாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று தளபதி சொன்னானாம். ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே பன்னிரண்டு மணி அடித்துவிட்டார்கள். அவனும் நம்பிப் போய்விட்டான் என்பது கதை. இன்றைக்கும் குன்றின்மேல் உள்ள தேவாலயத்தில் பதினொரு மணிக்குத்தான் உச்சிவேளை மணி அடிக்கிறது. ஆகவே காலை எட்டரை மணி வாக்கில் வியன்னாவில் வண்டி ஏறிவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து குன்று நடக்கும் தூரம்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாலும் மணி அடிப்பதற்குள் மேலே போய்விடலாம்.